மாடித் தொட்டியில் லெட்டூஸ்: வடசென்னைச் சூட்டிலும் உப்புத் தண்ணீரிலும் விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் மூன்று மாடிக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியில், கறுப்பு குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை), சாலட்டிலும் பர்கரிலும் பச்சையாகப் போடும் லெட்டூஸ் கீரையை விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. விரலால் குழி போட்டு விதையைப் போட்டு மூடி, போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். முதல் தடவை ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாம் தடவை வெயிலுக்குப் பயந்து மாடிப்படிக்குக் கீழே வைத்ததில் ஏழெட்டு நாற்று வந்து, நூல் மாதிரி நீண்டு, ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டன. விதை போலியா, நம்ம ஊரில் இது வளருமா, எந்தத் தொட்டி, எந்த மாதம் என்பது உங்கள் கேள்வி.

வளரும். வருஷத்தில் சுமார் நான்கு மாதம் நன்றாகவே வளரும், மீதி மாதங்களில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். விதை போலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் சொன்ன நான்கு விஷயங்களும், அதாவது மாதம், ஆழம், தண்ணீர், மாடிப்படி நிழல் எல்லாமே லெட்டூஸுக்கு ஆகாதவை. இதில் முதலாவதும் மூன்றாவதும்தான் பெரிய வில்லன்கள்: சூடு, உப்பு. வடசென்னையில் லெட்டூஸ் வளர்ப்பது என்றால் இந்த இரண்டையும் செடியின் வேர்ப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதுதான். உரம், மருந்து எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் சூட்டைச் சொல்கிறேன். வெண்டை, கத்தரி, முளைக்கீரை எல்லாம் சூடான மண்ணில் சட்டென்று முளைக்கும். அந்தப் பழக்கத்திலேயே லெட்டூஸையும் விதைக்கிறோம். அது நேர்மாறு. மண் 20 டிகிரி சுற்றி இருந்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். 28, 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் முளைப்பதை நிறுத்திக்கொள்ளும். விதை சாவதில்லை, தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே உறங்கிவிடும். அந்தச் சூட்டிலேயே சில நாள் கிடந்தால் உறக்கம் இன்னும் இறுகிவிடும், பிறகு குளிர்ந்தாலும் சுலபத்தில் எழாது. சென்னையில் ஆகஸ்ட் மாதம் பகலில் 35 டிகிரி, ராத்திரியில்கூட 25, 26 டிகிரி. வெயிலில் நிற்கும் கறுப்புப் பைக்குள் மண் அதைவிட இன்னும் பல டிகிரி கூட. உங்கள் முதல் தடவை விதைப்புக்கு என்ன ஆனது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது ஆழம். லெட்டூஸ் விதைக்கு வெளிச்சம் வேண்டும். தாவர அறிவியலில் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கே இந்த விதைதான் காரணம். அமெரிக்காவின் மேரிலாண்டில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், 'கிராண்ட் ராபிட்ஸ்' என்ற லெட்டூஸ் ரகத்தின் ஈர விதைகள்மேல் சிவப்பு ஒளியைக் காட்டினார்கள், முளைத்தன. அகச்சிவப்பை ஒட்டிய அடர்சிவப்பு ஒளியைக் காட்டினார்கள், முளைக்கவில்லை. மாற்றி மாற்றிக் காட்டினால், கடைசியாக எந்த ஒளி விழுந்ததோ அதன்படி விதை நடந்துகொண்டது. 1952இல் இது வெளியானது. இப்படி ஒளியை உணரும் நிறமியைப் பிறகு செடிகளிலிருந்து பிரித்தெடுத்து ஃபைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். காரணம் யோசித்தால் புரியும். விதை அவ்வளவு சின்னது, ஒரு கிராமில் ஆயிரத்துக்குப் பக்கம் இருக்கும். உள்ளே சேமிப்பு கொஞ்சம்தான். ஆழத்திலிருந்தோ மற்ற செடிகளின் இலை நிழலிலிருந்தோ மேலே வர அதற்குத் தெம்பு போதாது, அதனால் வெளிச்சம் பட்டால்தான் கிளம்பும். சூடு ஏற ஏற இந்த வெளிச்சத் தேவையும் கூடும். ஆகவே விரல் ஆழக் குழி வேண்டவே வேண்டாம். மேலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, வேண்டுமானால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சலித்த மண்புழு உரத்தைத் தூவினால் போதும்.

சரி, எப்போது விதைப்பது? கார்த்திகை பிறந்து பெருமழை கொஞ்சம் ஓய்ந்ததும் முதல் நாற்று விடலாம், அதாவது நவம்பர் கடைசி. அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே போகலாம். கடைசி விதைப்பு தை மாதப் பாதி. அதற்கு மேல் விதைத்தால் செடி பெரிதாகும் நேரத்தில் பங்குனி வெயில் வந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் நம்ம ஊரில் ராத்திரி 21, 22 டிகிரி, பகலில் 29 டிகிரி சுற்றி. இதுதான் லெட்டூஸ் சகித்துக்கொள்ளும் எல்லை. மழையை மட்டும் நம்ப முடியாது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் என்ன செய்தது என்று வடசென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பொங்கல் வரைக்கும் நாற்றுத் தட்டை நினைத்த நேரத்தில் தூக்கி உள்ளே வைக்கும்படி சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகப் பெரிய தொட்டியில் விதைக்காமல் நாற்று விட்டு நடச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இப்போது விதைப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் தோற்பது இந்த முதல் ஐந்து நாளில்தான்.

ஒரு டப்பாவில் டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்துப் போட்டு, கேன் தண்ணீரோ காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோ தெளித்து நனையுங்கள். டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர் வழியக் கூடாது, அவ்வளவு ஈரம் போதும். விதைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் பரப்புங்கள். மூடியைத் தளர்வாக மூடி, ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். இரண்டு மூன்று நாள் அங்கே இருக்கட்டும். விதை தண்ணீரைக் குடிக்கும் அந்த முதல் சில மணி நேரத்தில் சூடு பட்டால்தான் உறக்கத்துக்குப் போகிறது, அந்த நேரத்தைக் குளிரில் கழித்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும். பிறகு வெளியே எடுத்து, வீட்டுக்குள் வெளிச்சமான, காற்றாடும் இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் விதையின் கூர்முனையிலிருந்து வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அது அரிசி முனை அளவு நீள்வதற்குள் நட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் வேர் டிஷ்யூவுக்குள் நுழைந்துகொள்ளும், எடுக்கும்போது ஒடியும்.

எடுப்பதற்கு ஈரமான ஊதுபத்திக் குச்சியின் முனை நல்லது. விதை அதில் தானாக ஒட்டும். நாற்றுத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒன்று வைத்து, மேலே லேசாகத் தெளியுங்கள். இதை மாலை ஐந்து மணிக்கு மேல்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் முதல் பன்னிரண்டு மணி நேரம் ராத்திரிக் குளிரில் போகும். தட்டை எறும்பு எட்டாத இடத்தில் வையுங்கள். லெட்டூஸ் விதையை எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகும், முளைக்கவில்லை என்று பலர் நினைப்பது இதனால்தான். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் கல் வைத்து அதன்மேல் தட்டை வைத்தால் கவலை இல்லை.

பச்சை தெரிந்த அன்றே வெளிச்சம் காட்ட வேண்டும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நேராகவே படலாம். உங்கள் நாற்று நூலாக நீண்டதற்குக் காரணம் மாடிப்படி நிழல். சாய்ந்ததற்குக் காரணம் வேறு. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மெலிந்து, வெந்தது போல் ஆகியிருக்கும். அது நாற்றழுகல், பூஞ்சைபோன்ற ஒரு கிருமி செய்யும் வேலை. புழுக்கமும், தேங்கிய ஈரமும், காற்றில்லாத இடமும் அதற்குச் சாதகம். மேலே ஊற்றாமல், தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் பத்து நிமிஷம் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். நாற்று மண்ணில் டிரைகோடெர்மா விரிடி என்ற, நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையைக் கொஞ்சம் கலந்தால் இன்னும் பாதுகாப்பு. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பிலேயே அது வரும், உரக்கடைகளிலும் கிடைக்கும்.

உங்களிடம் மிச்சம் இருக்கும் பாக்கெட்டை இப்போது தூக்கிப் போடாதீர்கள். பத்தே விதையை எடுத்து மேலே சொன்ன மாதிரி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். ஆறு, ஏழு முளைத்தால் விதை நல்ல விதை. ஒன்றும் வரவில்லை என்றால்தான் கடைக்காரரைக் கேளுங்கள். அதிலும் ஒன்று, நம்ம ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் கிடக்கும் லெட்டூஸ் விதை சீக்கிரம் வீரியம் குறையும். பாக்கெட்டைப் பிரித்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில், மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா பையோடு போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

ரகம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். உருண்டையாகக் கோஸ் மாதிரி கட்டும் ஐஸ்பெர்க் வேண்டாம், அது ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கானது. இங்கே தலை கட்டுவதற்குள் உள்ளே அழுகும், இல்லையென்றால் பூத்துவிடும். தனித்தனி இலையாக வரும் வகைகள்தான் நமக்கு: கிராண்ட் ராபிட்ஸ், பிளாக் சீடட் சிம்ப்சன், ஓக்லீஃப், சிவப்பில் லோலோ ரோசா. பர்கருக்குள் மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் ரோமெய்ன் வகை போடலாம். அதில் இஸ்ரேலில் சூட்டுக்கென்றே உருவாக்கிய ஜெரிகோ கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

தொட்டிக்கு வருவோம். லெட்டூஸ் வேர் ஆழம் போகாது, 15 சென்டிமீட்டர் மண் போதும். ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம். அதனால் 12 அங்குல உயரக் குரோ பேக் இதற்கு வீண், மண்ணும் வீண், மாடிக்குச் சுமையும் கூட. பாரிமுனை மொத்தக் கடைகளில் கிடைக்கும் அகல பிளாஸ்டிக் டப், வெளிர் நிறத்தில், அடியில் ஓட்டை போட்டால் நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் அதைவிட நல்லது காசிமேட்டில் மீன் ஏற்ற வைத்திருக்கும் தெர்மாகோல் ஐஸ் பெட்டி. பனிக்கட்டி உருகாமல் காக்கும் அதே சுவர்தான் வேரையும் வெயிலிலிருந்து காக்கிறது. கறுப்புப் பையில் மத்தியானம் கை வைத்தால் மண் சுடும். பக்கத்திலேயே தெர்மாகோல் பெட்டி மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். எடையும் கிடையாது.

பழைய பெட்டியில் மீன் உப்பு ஏறியிருக்கும், அதை விட்டுவிடக் கூடாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, மூன்று நான்கு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். மோந்து பார்த்தால் மீன் வாடை அறவே இருக்கக் கூடாது, இருந்தால் பூனையும் பெருச்சாளியும் ராத்திரியே வந்து கிளறிவிடும். அடியில் விரல் தடிமனில் எட்டுப் பத்து ஓட்டை. வெளிப்புறத்தை வெள்ளை அரிசிச் சாக்கால் சுற்றிக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெயில் பட்டுப்பட்டு தெர்மாகோல் உதிர்ந்து, அந்தக் குருணை மாடி முழுக்கப் பறக்கும், மழைநீர்க் குழாயில் போய்ச் சேரும்.

எதில் வைத்தாலும் தரையில் நேராக வைக்காதீர்கள். கான்கிரீட் தளம் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வெளியே விடும், நமக்கு வேண்டியதோ ராத்திரிக் குளிர். நான்கு செங்கல், இல்லை ஒரு பழைய பெஞ்சு, அவ்வளவுதான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடிப் பக்கம் மரத்தூலமும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: மாடி நடுவில் தொட்டி வைக்க வேண்டாம், சுவர் ஓரமாக மட்டும் வையுங்கள். தண்ணீர் தளத்தில் தேங்கவே கூடாது. அந்த வீடுகளுக்கு ஈரம் ஊறுவதுதான் முதல் எதிரி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பால்கனி மட்டும் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில் நான்கு மணி நேரம் வந்தால் மொட்டை மாடியைவிட நன்றாகவே வளரும்.

மண் கலவை எளிது. கழுவிய தென்னை நார்க்கழிவு (கோகோபீட்) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, ஒரு பெட்டிக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. கழுவிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோகோபீட் கட்டியில் இயல்பாகவே உப்பு இருக்கும், ஊறவைத்துப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, குறைந்தது மூன்று தடவை செய்ய வேண்டும்.

செம்மண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டு வாங்குங்கள். காலி மனையிலிருந்தோ, லாரி ஓடும் சாலை ஓரத்திலிருந்தோ, பழைய தொழிற்சாலைப் பக்கமிருந்தோ ஒரு பிடி மண்கூட எடுக்க வேண்டாம். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து இலைக்கு ஏற்றிக்கொள்வதில் லெட்டூஸ் முன்னால் நிற்கும் பயிர். நாம் இருப்பது எண்ணூர் அனல்மின் நிலையங்களுக்கும் மணலி ஆலைகளுக்கும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில். நம்பகமான செம்மண் கிடைக்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் மட்டும் கலந்து வளர்த்தாலும் குறை வராது.

இனி தண்ணீர். வடசென்னையில் லெட்டூஸ் கருகுவதற்கு வெயிலுக்கு அடுத்து இதுதான் காரணம், ஆனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது என்பது பல பத்தாண்டுகளாக ஆய்வுகளில் பதிவான விஷயம். கடற்கரையை ஒட்டிய நம்ம தெருக்களில் பல போர்களில் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் முருங்கை வளரும், பசலை வளரும், பாலக்கீரைகூட ஓரளவு தாக்குப்பிடிக்கும். லெட்டூஸுக்குத் தாங்காது. முதலில் வளர்ச்சி நின்றுபோகும், பிறகு வெளி இலைகளின் ஓரம் பழுப்பாகக் காகிதம் மாதிரி காயும். உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போடுவார்கள், உரமும் உப்புதான், இன்னும் கருகும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா மாதிரி சின்னதாக, மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் போர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 500க்குள் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். 1000 தாண்டினால் லெட்டூஸுக்கு வேண்டாம், ஏனென்றால் தொட்டியில் தண்ணீர் ஆவியாகிப் போகப்போக உப்பு மட்டும் தங்கிக்கொண்டே வரும். மெட்ரோ வாட்டர் நல்லது. புழல் ஏரித் தண்ணீரானாலும், கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் தண்ணீரானாலும் சரி, ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்தால் குளோரின் வாடை குறையும், மறுநாள் காலை ஊற்றலாம். ஆறு செடிக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும், அதனால் குடிதண்ணீரைச் செலவழிக்கிறோமே என்று வருந்த வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுகிறவர்கள் நிறைய. அதில் உப்பு போர் தண்ணீரைவிடவும் செறிந்திருக்கும், லெட்டூஸ் பக்கம் கொண்டு வரவே வேண்டாம். எல்லாவற்றிலும் சிறந்தது மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு டிரம் பிடித்து, கொசு முட்டையிடாமல் வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி வைத்தால் தை வரைக்கும் வரும்.

ஊற்றும் நேரம் காலை ஆறு, ஏழு மணி. மத்தியானம் ஊற்ற வேண்டி வந்தால் மேல் டேங்கிலிருந்து வரும் குழாயை நேராகத் திருப்பாதீர்கள், அந்த நேரத்தில் அது வெந்நீர். வாளியில் பிடித்து நிழலில் ஆறவிட்டு ஊற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை, அடியில் ஒழுகி ஓடும்வரை நல்ல தண்ணீரை நிறைய விட்டால் தங்கிய உப்பு கழுவிப் போய்விடும்.

நாற்றில் நான்கு, ஐந்து இலை வந்ததும், அநேகமாக விதைத்த மூன்றாவது வாரம், மாலையில் பெட்டிக்கு மாற்றலாம். செடிக்குச் செடி ஒரு சாண். இலைகள் பிரியும் கழுத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும். மார்கழியில் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் முழுதாகப் படட்டும், அப்போது வலை தேவையில்லை. தை பாதிக்கு மேல் பதினோரு மணியிலிருந்து 50 சதவீத நிழல்வலை போடுங்கள். வலையைச் செடிமேல் ஒட்டிப் போடாமல் ஓராள் உயரத்தில் கட்டினால் காற்று ஓடும். கடலிலிருந்து ஒன்றிரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். மத்தியானக் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து இலையில் படியவிடும், அதனால் மறுநாள் காலை பூவாளியில் நல்ல தண்ணீரை இலைமேல் ஒரு சுற்று விடுங்கள். சாம்பல், லாரிப் புழுதி எல்லாம் அதிலேயே போகும்.

உரத்தில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. லெட்டூஸைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், சாணக் கரைசல் எதையும் இதன் இலைமேல் தெளிக்கக் கூடாது. வேக வைக்கும் கீரைக்கு அது சரி, இதற்குச் சரியில்லை, அதுவும் நீங்கள் மகளின் டிபன் பாக்ஸுக்காக வளர்ப்பதாகச் சொல்கிறீர்கள். நன்கு மக்கிய மண்புழு உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு கைப்பிடி வேர்ப்பக்கம் தூவி மேல்மண்ணில் கலந்துவிட்டால் போதும். மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் கரைசல்) வைத்திருந்தால் லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்து, மண்ணில் மட்டும், நட்ட முதல் இரண்டு வாரத்துக்குள் ஊற்றி நிறுத்திவிடுங்கள். பக்கத்து மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார்கள், எச்சம் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பச்சை எச்சம் இந்தத் தொட்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புறாவே ஒரு தொல்லைதான். இளம் இலையைக் கொத்திக் குச்சியாக்கிவிடும், முதல் மூன்று வாரம் கொசுவலைத் துணி போட்டு மூடுவது நல்லது.

பூச்சியில் அசுவினிதான் அதிகம் வரும், நடு இலையின் அடியில் பச்சையாகக் கூட்டமாக இருக்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போகும். மிஞ்சினால் லிட்டருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். தெளித்தபின் ஒரு வாரம் பறிக்க வேண்டாம், கசப்பு இலையில் நிற்கும். மழை நாட்களில் நத்தை ஏறி வந்தால் ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கிப் போடுவதைவிடச் சிறந்த மருந்து இல்லை. வெறுங்கையால் தொட வேண்டாம்.

விதைத்த ஐந்து வாரத்தில் வெளி இலைகளைப் பறிக்க ஆரம்பிக்கலாம். விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள், அப்போதுதான் இலை விறைப்பாக இருக்கும். நடுவில் இருக்கும் நான்கைந்து இளம் இலையை விட்டுவிட்டால் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு செடியிலிருந்து நான்கு ஐந்து வாரம் கிடைக்கும். பறித்ததும் ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையாக இரண்டு பக்கமும் கழுவி, ஈரத்தை உதறி, துணியில் சுற்றி டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் நிற்கும்.

மாசியில் ஒரு நாள் செடி நடுவிலிருந்து உயர ஆரம்பிக்கும், இலை நுனி கூர்மையாகும், பறித்த இடத்தில் பால் கெட்டியாக வடியும். பூக்கத் தயாராகிறது என்று அர்த்தம். கசப்பு அந்தப் பாலில்தான் இருக்கிறது. குளிர்நாடுகளில் கோடையின் நீண்ட பகலும் சேர்ந்து இதைத் தூண்டும், நம்ம ஊரில் பகல் நீளம் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறாததால் பெரும்பாலும் சூடுதான் காரணம். நுனியைக் கிள்ளினால் நின்றுவிடும் என்று சொல்வார்கள், கசப்பு நிற்காது. இருக்கிற இலையைப் பறித்து, பாசிப்பருப்போடு கூட்டாகச் செய்துவிட்டு, பெட்டியில் பருப்புக்கீரையோ பொன்னாங்கண்ணியோ வைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலுக்கு அவைதான் சரி.

ஒரே ஒரு செடியை மட்டும் பிடுங்காமல் விடுங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தண்டு விட்ட செடியாக அது இருக்கட்டும். முதலில் பூத்ததிலிருந்து விதை எடுத்தால் அடுத்த வருஷமும் சீக்கிரம் பூக்கும் செடிகளே வரும். லெட்டூஸ் தன் பூவிலேயே தானே மகரந்தம் சேர்த்துக்கொள்வதால், பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் பெரும்பாலும் கலக்காது, ஒரு செடியே போதும். சின்ன மஞ்சள் பூ வந்து, இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளைப் பஞ்சு தெரியும். எல்லாப் பூவும் ஒரே நாளில் முற்றாது. அதனால் காலையில் ஒரு காகிதப் பையைப் பூந்தலைக்குக் கீழே பிடித்து லேசாக உதறி, வந்ததை மட்டும் சேர்த்து, மூன்று நாளைக்கு ஒரு தடவை அதையே திரும்பச் செய்யுங்கள். பஞ்சை ஊதிவிட்டு, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, ரகத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதி ஃபிரிட்ஜ் டப்பாவில் போடுங்கள். இப்படி எடுத்த புது விதைக்குச் சில வாரம் இயல்பான உறக்கம் உண்டு, உடனே போட்டுப் பார்த்து முளைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். கார்த்திகைக்குள் சரியாகிவிடும்.